கால் இஞ்ச் லூஸ்

அன்புள்ள ராங்கிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது என்றுதான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன், இந்தத் தடவை அந்த வரியைப் போடக் கை வரவில்லை. நீ சௌக்கியமாக இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த பிறகு கடைசி ஆளாக எனக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாயாம், இரண்டு தடவை ரத்தம் ஏற்றினார்களாம், எந்த மருந்துக்கும் குடல் அடங்கவில்லையாம், பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைப்பதுதான் இனி வழி, மாதக் கடைசிக்குள் சரி என்று கையெழுத்துப் போடு, அதற்கு மேல் தள்ளினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இத்தனை ‘ஆம்’ போட்டு எழுத வேண்டியிருக்கிறது பார், பெற்றவள் நான், யாரோ வீட்டுச் செய்தி மாதிரி எழுதுகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தாலும் அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் உன்னை எனக்குத் தெரியும், முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

உன் அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். வந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை, பிரிட்ஜைத் திறக்கிறான், மூடுகிறான், மறுபடி திறக்கிறான். என்னடா தேடறே, உள்ளே இருக்கிறது தண்ணி மட்டும்தான் என்றேன். அந்தப் பிரிட்ஜுக்குள் தலையை வைத்துக்கொண்டே சொன்னான். நீ ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று. ஏனாம் என்று கேட்டதற்கு முதலில் மழுப்பினான், நான் விடவில்லை, கடைசியில் நீ சொன்னதை அப்படியே சொல்லிவிட்டான். “அம்மா மாதிரி அதைக் கட்டிக்கிட்டு நாறிப்போய் வாழறதுக்கு நான் செத்தே போயிடலாம்.” சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது, முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நிறுத்தாமல் நறுக்கினேன், இரண்டு பேருக்கு எட்டு வெங்காயம். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அன்றைக்கு யாரும் காரணம் கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

அடியே, நான் செத்தா போய்விட்டேன்? உன் அம்மா உயிரோடு இருக்கிறாள், காலையில் எழுந்து குளித்து, பஸ் பிடித்து வேலைக்குப் போய், ஆறு மணி நேரம் நின்றுகொண்டு துணி வெட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அப்படிப்பட்டவளைக் காட்டி இதற்குச் சாவே மேல் என்று சொல்ல உனக்கு எப்படி நாக்கு எழுந்தது? எனக்கு இருந்த கோபத்துக்கு அன்றைக்கே நாலு பக்கம் உன்னைத் திட்டி எழுதினேன். எழுதியதைத் திருப்பிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது, உன் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதிப் பாதி வேறு ஒருத்தியின் மேல். அந்த நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதில் சொல்லப் போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை, எங்கள் முதலாளியிடம் சொன்னதில்லை. சொல்லாமலே கண்ணை மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் நோய் தெரியாது என்று நினைக்காதே. உனக்கு நாலு வருஷம், எனக்குப் பதினோரு வருஷம். பஸ் ஏறுவதற்கு முன்னால் வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது, சினிமாவுக்குப் போனால் ஓரத்துச் சீட்டில் உட்காருவது, யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் என்று கண் போவது, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஐயோ ஏன் சாப்பிட்டோம் என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வது, ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வருவது, இதெல்லாம் நான் பிறந்து வளர்ந்த ஊர். இந்தச் சீக்கு என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது என்று டாக்டர்கள் முழுசாகச் சொல்வதில்லை, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்று இழுக்கிறார்கள். அவர்கள் இழுக்கட்டும், நான் இழுக்கவில்லை. நகை நட்டு என்று உனக்கு நான் எதுவும் பெரிதாகச் செய்யவில்லை, இதைக் கொடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்து எனக்குப் பத்தொன்பது மாதம் ஆகிறது. வலது பக்கம் வயிற்றில் குடலின் நுனியை வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள், சிவப்பாக, ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. அதைச் சுற்றித் தோலில் ஒட்டுவதற்கு ஒரு தட்டு, தட்டில் மாட்ட ஒரு பை, தட்டின் நடுவில் அந்தக் குடல் வாய்க்கு ஒரு ஓட்டை. அவ்வளவுதான் சமாச்சாரம். இப்போது இரண்டு வரியில் எழுதிவிட்டேன், அப்போது முதல் இரண்டு மாதம் நான் அதைப் பார்க்கவே இல்லை. நர்ஸ் ஒருத்தி உண்டு, இதற்காகவே படித்தவள், அவளைப் பை நர்ஸ் என்றுதான் வார்டில் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவள் வந்து தட்டை மாற்றும்போது நான் சுவரில் இருக்கும் டைல்ஸை எண்ணுவேன். நீளவாட்டில் பதினாலு, உயரத்தில் ஒன்பது, ஒன்று மூலையில் உடைந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் இரண்டு தடவை அவளிடமே போய் மாற்றிக்கொண்டு வருவேன், அங்கேயும் டைல்ஸ். அவள் ஓட்டையை வெட்டியே கொடுத்துவிடுவாள், ஒரு சொட்டு கசிந்ததில்லை. அந்த இரண்டு மாதத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள், நான் உட்பட.

மூன்றாவது மாதம் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வாரம் இரண்டு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது, நீங்களே வெட்டி மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாள் நர்ஸ். வட்டமாக ஒரு அட்டையைக் கொடுத்து, இதை வைத்துக் கோடு போட்டு, கோட்டை ஒட்டியே வெட்டுங்கள், ஒரு நூல் இடைவெளிக்கு மேல் விடாதீர்கள், மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக அளந்து பாருங்கள், வீக்கம் வற்ற வற்ற அது சின்னதாகும் என்றெல்லாம் சொன்னாள். நான் சிரித்தேன். இருபத்தாறு வருஷமா கட்டிங் மாஸ்டரா இருக்கிறவ நான், எனக்கு வட்டம் வெட்டச் சொல்லித் தர்றியாம்மா என்று கேட்டேன். அந்தப் பெண் பாவம், அட்டையை என் கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படி. எங்கள் தொழிலில் உடம்பளவு எடுத்து உடம்பளவுக்கே வெட்டினால் அவள் கட்டிங் மாஸ்டர் இல்லை, கசாப்புக்காரி. மார்பு முப்பத்தாறு என்றால் நாற்பது வெட்டுவோம், மூச்சு விட, கையைத் தூக்க, குனிய, சாப்பிட்ட பிறகு பொத்தான் போட, எல்லாவற்றுக்கும் லூஸ் வேண்டும். லூஸ் விடுவது கை பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. இது உயிருள்ள சதை, இதைப் போய் இறுக்கிப் பிடிக்க வெட்டச் சொல்கிறாளே, படித்த பிள்ளைக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அட்டையை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கால் இஞ்ச் லூஸ் விட்டு வெட்டினேன். சுற்றிலும் கால் இஞ்ச். மாதா மாதம் அளக்கவும் இல்லை. அளப்பதென்றால் அதைப் பார்க்க வேண்டுமே. போன வருஷம் கொடுத்த அளவுக்கே வெட்டுங்க என்று சொல்லிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்களை நான் எத்தனை பேரைத் திருப்பி நிற்க வைத்து டேப்பைப் போட்டிருக்கிறேன், உனக்கே தெரியும். எனக்கு நானே பழைய அட்டையை வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தடவித் தடவி ஒட்டிக்கொண்டேன்.

அப்புறம் என்ன, இடைவெளியில் தெரிந்த தோல் எல்லாம் வெந்து போயிற்று. வயிற்றிலிருந்து வருவது சும்மா தண்ணீர் இல்லை, உணவைக் கரைக்கிற நீர், தோலையும் கரைக்கும். புண்ணில் தட்டு ஒட்டாது, ஒட்டாத தட்டு கசியும், கசிந்தால் புண் பெருகும். நான் பையைக் குறை சொன்னேன், டாக்டரைக் குறை சொன்னேன், சாமியை விட்டு வைக்கவில்லை. கத்தரியைக் குறை சொல்லத் தோன்றவே இல்லை. உன் அப்பா ஒரு ரூம் ஸ்ப்ரே வாங்கி வந்தார், பூ வாசனை. நான் ஹாலில் நடந்தால் எனக்குப் பின்னால் நாலடி விட்டு அடித்துக்கொண்டே வருவார், கொசு மருந்து அடிக்கிற மாதிரி. ஒரு நாள் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். மறுநாள் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார், உனக்கு வசதியா இருக்கட்டும் என்றார். முப்பத்தி மூன்று வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், எத்தனையோ கரடுமுரடான ரோட்டில் போனவர், என் பக்கத்தில் படுக்க முடியவில்லை.

நீ வந்தது அப்போதுதான். நீ பார்த்தது அதைத்தான். நான் மறைக்கப் பார்த்தேன், பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உள்ளே இருப்பேன், நீ வெளியே நின்று அம்மா அம்மா என்று தட்டுவாய், போடி அந்தப் பக்கம் என்று கத்துவேன். மதியம் சேர்ந்து சாப்பிடலாம் என்று நீ எங்கள் கடைக்கு வந்த அந்த வெள்ளிக்கிழமை உனக்கும் மறந்திருக்காது. மேசையில் ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டுத் துணி விரித்திருந்தேன், முதுகுப் பக்கம் வெட்டி முடித்துவிட்டு முன்பக்கத்துக்காக எட்டிக் குனிந்தேன், வயிறு மேசை விளிம்பில் பட்டது, தட்டு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. துணி மேல், மேசை மேல், என் செருப்பு மேல். ஒன்பது பேர் தைக்கிற மெஷின் ஒன்றன் பின் ஒன்றாக நின்றது. மூக்கைப் பொத்தாத ஒரே ஆள் காஜா எடுக்கிற அக்கா, அவளுக்கும் வருஷக்கணக்கில் மூக்கடைப்பு, அதனால் அவளைப் பாராட்டுவதற்கில்லை. நீ லைனிங் துணியில் மூன்று மீட்டர் கிழித்து என்னைச் சுற்றி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே கூட்டிக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார வைத்துக் கழுவிவிட்டாய். நான் உன்னை என்ன செய்தேன்? என்னைத் தொடாதேடி, போய்த் தொலை, உன் ஊருக்கே போ என்றேன். சோப்பு டப்பாவைத் தூக்கி எறிந்தேன், உன் தோளில் பட்டது. இரண்டு நாள் முன்கூட்டியே நீ டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு வரவே இல்லை. நானும் வா என்று சொல்லவில்லை.

முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ரொம்ப நல்லவர். நீங்க உள்ள உக்காந்து ஊக்கு பட்டன் வச்சுக் குடுங்க, எதுக்கு நின்னு கஷ்டப்படறீங்க என்றார். உள்ளே என்றால் பின்னால் மீட்டர் பெட்டியும் வெட்டு மிச்சத் துணி மூட்டையும் இருக்கிற அறை, ஜன்னல் கிடையாது. என் மேசையில் ஒரு புது ஆளைப் போட்டார்கள். அவன் கத்தரி ஓடுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும், நீளமாக ஓட்டத் தெரியாது, கறுக் கறுக் என்று கடிப்பான். நாலு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பட்டன் வைத்தேன். அப்போது யாராவது கேட்டிருந்தால் நானும் உன்னை மாதிரிதான் சொல்லியிருப்பேன், இதற்குச் செத்திருக்கலாம் என்று.

கடைசியில் புண் தாங்க முடியாமல் பை நர்ஸிடம் போனேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றாள். தட்டைக் கழற்றிப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள், அப்புறம் கழற்றிய தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டையில் தன் இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டி, யாரும்மா இதை வெட்டினது என்று கேட்டாள். நான் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு, நான்தான் என்றேன். அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்து, ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து, அளவு காட்டுகிற அட்டையைக் கொடுத்து, நீங்களே அளங்க, எனக்குத் தெரியணும் என்றாள். ஆபரேஷன் ஆகி ஒன்பது மாதம் கழித்து முதல் தடவையாக அதைப் பார்த்தேன். பழைய அட்டையை விட அரை இஞ்ச் சின்னதாகி இருந்தது. அதோடு நான் விட்ட லூஸ் வேறு. எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த ஆள் இந்த மாதிரி ஒரு தப்புச் செய்திருந்தால் கத்தரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பியிருப்பேன். அன்றைக்கு அளந்து, கோட்டை ஒட்டி, ஒரு நூல் விட்டு, நானே வெட்டினேன். வட்டம் வட்டமாகத்தான் வந்தது.

பத்தே நாளில் தோல் ஆறிவிட்டது. பத்து நாள், ராங்கி. நாலு மாதம் இருட்டறையில் உட்கார்ந்தது, உன் அப்பா ஹாலுக்குப் போனது, நீ அழுதுகொண்டு ரயில் ஏறியது, எல்லாம் ஒரு கால் இஞ்ச்சுக்காக. அன்றிலிருந்து இன்று வரை நாலு நாளைக்கு ஒரு தட்டு, ஒரு தடவை கூடக் கசியவில்லை. வாசனையும் கிடையாது, காலி செய்யும்போது மட்டும்தான், அது யார் போனாலும் வருகிற வாசனைதான். மேசையும் திரும்பக் கிடைத்தது, முதலாளி மனசு மாறினார் என்று நினைத்துவிடாதே, அந்தக் கறுக் கறுக் ஆள் வேறு கடைக்கு ஓடிவிட்டான், வேறு வழியில்லை. நான் மேசையில் நின்ற முதல் வாரம் முழுக்க அவர் ஒரு பழைய விரிப்பைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டு வைத்தார். எட்டாவது நாள் அதை மடித்து அவர் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

எல்லாம் தேன் என்று நான் சொல்லமாட்டேன், பொய் சொல்லி உன்னைக் கையெழுத்துப் போட வைக்கிற ஆள் நான் இல்லை. அமைதியான இடத்தில் திடீரென்று அது சத்தம் போடும், அதற்கு நேரம் காலம் கிடையாது, நம் கட்டுப்பாட்டில் இல்லை. தண்ணீர் குறைந்தால் தலை சுற்றும், கால் நரம்பு இழுக்கும். அவசரமாகச் சாப்பிட முடியாது, மென்று மென்று மாடு மாதிரி தின்ன வேண்டும். கண்ணாடியில் பார்க்கும்போது இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கும் என்று சொன்னவர்கள் எல்லாரும் பை இல்லாதவர்கள். உன் அப்பா இன்னும் ஹாலில்தான், கசிவு நின்று பத்து மாதம் ஆகிறது என்று அவருக்குத் தெரியும், திரும்பி வருவதற்கு வெட்கப்படுகிறாரா, மனசில்லையா, நான் கேட்கவில்லை. கட்டில் முழுக்க எனக்கு, குறட்டைச் சத்தம் இல்லை. இப்படித்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் ஒரு சினிமாவுக்குப் போனேன், நடுச் சீட்டில் உட்கார்ந்து, எழுந்து போகாமல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. படம் படு மட்டம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அழுதேன். உன் அண்ணன் வீடு மாற்றியிருக்கிறானே, நாலாவது மாடி, லிப்ட் ஓடாத நாள்தான் அதிகம், வாரா வாரம் ஏறி இறங்குகிறேன், அவன் மாமியார் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிடுகிறார்.

இதையெல்லாம் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். இப்ப பரவாயில்லைடி என்று போனில் ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டேன். ஏன் பரவாயில்லை, முன்னால் ஏன் அப்படி இருந்தது என்று நீ கேட்டால், நான் வெட்டின லட்சணம் அப்படி என்று சொல்ல வேண்டி வரும். கட்டிங் மாஸ்டர் தன் வயிற்றுக்கே அளவு தப்பி வெட்டினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, ஆபரேஷன் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று நீயே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டது எங்கே போய் நிற்கிறது பார். உனக்கும் இதே வழி வரும் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், உன் முகம் ஸ்டீராய்டில் ஊதியபோதே தெரியும். தெரிந்தும் என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தது பையோடு வாழ்கிற வாழ்க்கை இல்லை, ராங்கி. நீ பார்த்தது என் கத்தரி செய்த தப்பு. என் தப்பைப் பார்த்துவிட்டு நீ சாகப் போகிறாய் என்றால், அதற்கப்புறம் நான் கையில் கத்தரி பிடிக்க முடியுமா, சொல்.

நீ சொன்ன வார்த்தையை நான் மன்னிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். என்னை நான் மன்னிப்பதும் இப்போதைக்கு இல்லை. அதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு பேரும் உயிரோடு இருந்தால்தானே சண்டை போட முடியும்.

வருகிற செவ்வாய்க்கிழமை ரயில் ஏறுகிறேன், ஒன்றரை நாள் பயணம், வியாழன் காலை பதினோரு மணிக்கு உன் ஆஸ்பத்திரியில் இருப்பேன். ஆறு வருஷமாக நீ அந்த ஊரில் இருக்கிறாய், நான் ஒரு தடவை கூட வந்ததில்லை, அரை மணிக்கு ஒரு தடவை ஓடுகிறவள் எந்த ரயிலில் ஏறுவது. டிக்கெட் போடும்போது உன் அண்ணன் கழிப்பறைப் பக்கமா ஒரு சீட் பார்க்கட்டுமாம்மா என்று கேட்டான், நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். ஜன்னல் சீட் போடுடா, வெளியே பார்த்துக்கிட்டு போறேன் என்றேன். முதலாளியிடம் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டேன், எதற்கு என்றார், ஒரு அளவு எடுக்க வேண்டியிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பாவும் வருகிறேன் என்கிறார், சாமான் தூக்க ஆள் வேண்டும், வரட்டும்.

நீ என்ன முடிவு செய்தாலும் அதை அண்ணனிடம் சொல்லி அனுப்பாதே, நான் வரும் வரை டாக்டரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. வியாழக்கிழமைதான் நான் தட்டு மாற்ற வேண்டிய நாள். உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, பகல் வெளிச்சத்தில், உன் கண் முன்னால் மாற்றுவேன், எந்தக் கதவையும் சாத்தமாட்டேன். நன்றாகப் பார். பார்த்த பிறகும் சாவுதான் மேல் என்று தோன்றினால், அதை என் வயிற்றைப் பார்த்துச் சொல்லு.

அது வரை தண்ணீர் நிறையக் குடி, கொஞ்சம் உப்புப் போட்டுக் குடி. ஸ்டீராய்டு மாத்திரையை நீயாக நிறுத்தாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. ஆபீசில் என்ன நினைப்பார்கள் என்று படுத்துக்கொண்டு யோசிக்காதே, அவர்கள் யோசிக்கட்டும், சம்பளம் வாங்குகிறார்கள் இல்லையா. பெரிய சைஸ் உடுப்பாக வாங்கிக் குவிக்காதே, பை தெரியாத மாதிரி நான் வெட்டித் தருகிறேன், அதில் லூஸ் எங்கே விட வேண்டும், எங்கே விடக் கூடாது என்று எனக்கு இப்போது தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும், என்னோடு இன்னும் நாற்பது வருஷம் சண்டை போட வேண்டும் என்று உன் தலையில் கை வைத்துச் சொல்கிறேன். தோளில் சோப்பு டப்பா பட்ட இடத்தையும் தடவிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன்மேல் கோபம் தீராத,
அம்மா

பின்குறிப்பு: இஞ்ச் டேப் எடுத்து வைத்துவிட்டேன். அளவு நோட்டில் உன் பக்கத்தில் இருந்த பழைய அளவையெல்லாம் இன்று காலை கோடு போட்டு அடித்தேன். நீ எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை, வியாழக்கிழமை நானே அளந்து தெரிந்துகொள்கிறேன்.